கண்ணில் படும் வயர்

ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள்? சோபாவைப் பார்ப்பார்கள், சாமி படத்தைப் பார்ப்பார்கள், வீட்டுக்காரியின் கழுத்தில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா மட்டும் சுவரின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். எங்கே பிளக் செருகியிருக்கிறது, அதிலிருந்து கிளம்புகிற வயர் எங்கே போய் முடிகிறது என்று கண்ணாலேயே ஒரு நடை போய்வந்த பிறகுதான், "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்பார்.

ஒரு தீபாவளிக்குப் பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டுக்கு வந்தார். கையில் முறுக்கைக் கொடுத்தேன். ஒரு கடி கடித்தார், மீதியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் சோபாவை முழங்காலால் தள்ளினார். பின்னால் ஒரு எக்ஸ்டென்ஷன். அதில் இன்னொன்று. அதன் வாலில் மூன்றாவது. மீன் தொட்டி, காற்றாடி, சாமி மேடை சீரியல் விளக்கு, ஜன்னல் சரவிளக்கு, தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டில், எல்லாம் அந்த மூன்றிலும்தான் தொங்கின.

"இது என்னலா, ரயில் பெட்டியா? ஒண்ணு வால்ல ஒண்ணு மாட்டி வச்சிருக்கீங்க!"

விருந்தாளிகள் பத்துப் பேர் முன்னால் சொன்னார். எனக்கு மூக்கு விடைத்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா வந்து பிளக்கைப் பிடுங்குறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றேன்.

"நல்ல நாள்லதான்க்கா எல்லாத்தையும் ஒண்ணா போடுவீங்க. சாதா நாள்ல யாரு போடுறா?" என்று சொல்லிக்கொண்டே கெட்டிலைக் கழற்றிச் சமையலறைச் சுவரில் செருகினார். மூன்று எக்ஸ்டென்ஷனில் இரண்டை உருவி என் மடியில் வைத்தார். என் தம்பி உதவுகிறேன் பேர்வழி என்று ஒரு வயரைப் பிடித்து இழுக்க, அவன் கையில் ஒரு தட்டு தட்டினார். "வாலைப் பிடிச்சு இழுக்காத தம்பி. தலையைப் பிடிச்சு எடு." பிறகு உட்கார்ந்து மீதி முறுக்கைத் தின்றுவிட்டு, உப்பு பத்தவில்லை என்றார். பத்தவில்லைதான். அதற்காக அன்றைக்கே சொல்ல வேண்டுமா?

அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்பதற்கு அவரவர் ஐசி அடையாள அட்டையை எடுத்துக் காட்டியிருந்தால் விஷயம் முடிந்தது. இரண்டு பேருமே கடைசிவரை எடுக்கவில்லை. அக்கா ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் பல வருஷம் வயர் சோதிக்கிற மேசையில் வேலை பார்த்தவர். வெள்ளை விளக்குக்கு அடியில் வயர் ஒன்றொன்றாக வரும். தோல் கீறியிருக்கிறதா, முனை ஆடுகிறதா என்று பார்த்து, நல்லதை இந்தப் பக்கமும் கெட்டதை அந்தப் பக்கமும் போட வேண்டும். அந்த இடத்தை மூடிய பிறகு என்னிடம் மாலை கட்ட வந்தார். எனக்குக் கல்யாண அலங்காரத் தொழில். மணவறை, மேடை, பூ, விளக்கு எல்லாம் நானும் என் தம்பியும் நான்கு ஆட்களும் ஒரு பழைய லாரியுமாகச் செய்தோம். அக்கா மாலை சுமாராகக் கட்டுவார். சும்மா சொன்னேன், படுமோசமாகக் கட்டுவார். மூன்றாம் நாளே பூக்கூடையைத் தள்ளிவிட்டு விளக்குப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வயர் என்றால் இப்படிப் பதைபதைக்கிறாரே, பாவம், எப்போதோ வீடு எரிந்திருக்கும் என்று எங்கள் ஆட்களுக்குள் ஒரு பேச்சு. நானும் நம்பி, ஒரு நாள் குரலைத் தாழ்த்தி இரக்கமாகக் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த ஸ்குருடிரைவர் உருண்டு போனது.

"ஏங்க்கா, கை சுட்டாத்தான் புத்தி வரணுமா? பார்க்குறது என் வேலை. மூடி வச்சா நான் எங்கிட்டுப் பார்க்குறது?"

அங்கேதான் சிக்கல். எங்கள் தொழிலே மூடுகிற தொழில். ஓட்டைச் சுவரைத் துணியால் மூடுவோம், துருப்பிடித்த கம்பியைப் பூவால் மூடுவோம், வயரைக் கார்ப்பெட்டால் மூடுவோம். 'ஒரு வயர் கூடக் கண்ணில் படாது' என்று சொல்லித்தான் நான் வேலை பிடிப்பேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு கர்வம் வரும். அக்காவுக்கோ மறைந்து கிடக்கிற வயரைக் கண்டால் ஆகாது. நான் மூடுவேன், அவர் திறப்பார். எலியும் பூனையுமாகத்தான் எங்கள் பிழைப்பு ஓடியது.

மணவறைத் தூணில் சின்ன விளக்குச் சரத்தைச் சுற்றி, வயர் தெரியாமல் அதன் மேல் மல்லிகையை நெருக்கமாகச் சுற்றி, பூ வாடாமல் இருக்க மணிக்கொரு தரம் தண்ணீர் தெளிப்பது எங்கள் வழக்கம். யாரும் தப்பென்று நினைத்ததே இல்லை. ஒரு நிச்சயதார்த்தத்தில் நான் தண்ணீர்க் குப்பியைத் தூக்கியதுதான் தாமதம், அக்கா பாய்ந்து வந்து பிடுங்கினார்.

"பூவுக்குத் தண்ணி காட்டுறீங்களா, கரண்டுக்குத் தண்ணி காட்டுறீங்களா?"

"எத்தனை வருஷமா செய்றோம், ஒண்ணும் ஆகலையே!"

"ஆகலைன்னு சந்தோஷப்படுங்க. அதுக்காக ஆகுறவரைக்கும் செய்யணும்னு இருக்கா?"

மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அன்றிலிருந்து பூ ஒரு கம்பியில், விளக்கு இன்னொரு கம்பியில் என்று பிரித்துவிட்டார். எக்ஸ்டென்ஷன் கட்டையைத் தரையில் விடாமல், தண்ணீர் படாத மூலையில் ஒரு மர ஸ்டூலில் ஏற்றினார். விளக்குப் போட்டால் தூண் முன்னைவிட அழகாகத்தான் இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்கு வாய் நீளமே தவிர, பாராட்ட வராது.

அக்கா சொல்லி வாங்கிய, உருளையில் சுற்றி வரும் நீள எக்ஸ்டென்ஷன்களால் என் தம்பி பட்ட பாடு இருக்கிறதே! அந்த உருளையிலிருந்து வயரை முழுக்கப் பிரித்துப் போட்டால்தான் அக்கா விளக்கை ஏற்ற விடுவார். பாதி சுற்றியபடி விட்டால் உள்ளே சூடு அடைந்து தோல் இளகிவிடுமாம். வேலை முடிந்ததும் அத்தனையையும் முறுக்கில்லாமல் திரும்பச் சுற்ற வேண்டும். "கட்டிக்கிட்டவகூட என்னை இப்படிச் சுத்த விட்டதில்லக்கா" என்று அவன் முனகுவான். அக்கா காதில் வாங்க மாட்டார். ஒவ்வொரு விளக்கின் முதுகிலும் ஒட்டியிருக்கிற வாட் எண்ணைப் படித்து, கண்மைப் பென்சிலால் தன் முன்கையில் எழுதிக் கூட்டுவார். ஒரு பிளக் மூவாயிரம் வாட் வரை தாங்கும். அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டு அடுத்த சுவரைத் தேடிப் போவார். நிகழ்ச்சி நடக்கும்போது புறங்கையால் ஒவ்வொரு பிளக்காகத் தொட்டுக்கொண்டே நடப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. புறங்கைக்குத்தான் சூடு சட்டென்று தெரியும் என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் ஜார்ஜ் டவுனில் அந்தப் பெரிய கல்யாண வரவேற்பு வந்தது. பெண்ணின் அப்பா கார் வியாபாரி. பினாங்கில் அவருக்குத் தெரியாத கல்யாண வீடு கிடையாது. அவர் நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னால் எங்களுக்கு வருஷம் முழுக்க வேலை. கெட்டதாக ஒரு வார்த்தை சொன்னால் லாரியை விற்றுவிட்டு நான் வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான். அந்த வருஷம் எங்கள் நிலைமை அப்படி இருந்தது. மண்டபமோ பழைய கட்டடம், உயரமான கூரை, பார்க்க அத்தனை அழகு. ஆனால் மைக்குக்கும் பாட்டுக்கும் விட்டது போக, எங்களுக்குச் சுவரில் பிளக் செருக நான்கே இடம்.

பெண்ணின் அப்பா விரலை நீட்டிச் சொன்னார். "அம்மா, விளக்கு தங்கமா ஜொலிக்கணும். ஆனா ஒரு வயரு என் கண்ணுல படக்கூடாது. பட்டுச்சு, ஊரு பூரா சொல்லிடுவேன்."

"படவே படாது அண்ணே" என்றேன். சொன்னதோடு நின்றேனா? அக்காவைப் பூ வாங்கி வரும்படி பாசார் சந்தைக்கு அனுப்பிவிட்டு, என் தம்பியை வைத்து அவசர அவசரமாக வேலையை முடித்தேன். மேடைக்குப் பின்னால் இருந்த ஒரே பிளக்கிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன், அதன் வாலில் அடுத்தது, அதன் வாலில் இன்னொன்று. எட்டுப் பெரிய விளக்குக்கும் அதே வழி. எல்லாவற்றையும் நடைபாதைச் சிவப்புக் கார்ப்பெட்டுக்கு அடியில் விட்டு மூடி, விளக்குகளைப் போட்டுப் பார்த்தேன். தங்கமாக ஜொலித்தது. ஒரு வயர் தெரியவில்லை. என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை.

அரை மணி கழித்து அக்கா பூக்கூடையோடு வந்தார். உள்ளே நுழைந்ததும் சுவரின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அவர் முகம் மாறியது. விறுவிறுவென்று போய்க் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கினார்.

"அலாமாக்! என்னக்கா இது?"

"கீழ போடுங்க. ஐயா சொல்லிட்டாரு, வயரு தெரியக்கூடாதுன்னு."

"ஐயா சொன்னா கரண்டு கேட்குமா?"

எனக்கு வந்ததே கோபம். என் பிழைப்பே அந்த ஒரு நாளில் தொங்கிக்கொண்டிருக்கிறது, இவருக்கு வாய்த்துடுக்கு! மண்டபம் அதிரக் கத்தினேன். "போதும்க்கா! மாலை கட்டத் தெரியாத உங்களுக்கு நான் சோறு போட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்! இன்னையோட நின்னுக்குங்க!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்தேன். ஆட்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டார்கள். அக்கா பூக்கூடையை மெதுவாகக் கீழே வைத்தார். அழவில்லை, திருப்பிக் கத்தவும் இல்லை.

"சரிக்கா, நின்னுட்டேன். இனி எனக்கு நீங்க பாஸ் இல்ல. அதனால ஒண்ணு சொல்றேன், கேளுங்க. செருப்பைக் கழட்டிட்டு இதுல நில்லுங்க."

ஏனோ கழற்றினேன். நின்றேன். இப்போதுதான் தேய்த்து வைத்த சட்டையை மிதித்த மாதிரி கார்ப்பெட் பாதத்துக்கு அடியில் சூடாக இருந்தது. இரண்டடி நகர்ந்தேன். எக்ஸ்டென்ஷன்கள் இணைகிற இடத்தில் காலை வைக்க முடியவில்லை.

"அரை மணிதான் ஆச்சு" என்றார் அக்கா. "ராத்திரி அஞ்சு மணி நேரம் எரியணும். ஐநூறு பேரு இது மேல நடக்கணும். கல்யாணப் பொண்ணு பட்டுச் சேலையில இது மேலதான் வரணும்."

அந்தப் பெண்ணின் முகம் கண்முன் வந்தது. காலையில்தான் எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். "அணைடா! எல்லாத்தையும் அணைடா!" என்று தம்பியிடம் கத்தினேன். நானே குனிந்து கார்ப்பெட்டைச் சுருட்டினேன். உள்ளே ஒரு பிளக்கின் வெள்ளை பழுப்பாகியிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அந்த மண்டபத்தில் அக்கா வைத்ததுதான் சட்டம். நான்கு சுவரிலும் நான்கு உருளை, ஒவ்வொன்றும் முழுக்கப் பிரிந்து. ஒன்றின் வாலில் இன்னொன்று கிடையாது. ஒரு உருளைக்கு இரண்டு விளக்கு, அவ்வளவுதான். ஆணி அடிக்கவில்லை. சுவரின் ஓரமாகவே துணி டேப்பால் ஒட்டிக்கொண்டு போனார். வாசலைத் தாண்ட வேண்டி வந்த இடத்தில் தாண்டாமல், சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வந்தார். உருளைகளில் காலியாக இருந்த பிளக் ஓட்டைகளையும் டேப்பால் மூடினார். ஐந்தாவது உருளை ஒன்றைப் பிரித்துத் தயாராக வைத்தார். வேலைக்கு நடுவே திரும்பி, "என்னை நிறுத்திட்டீங்களா, இல்லையா? ஒரு முடிவு சொல்லுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி உங்களைத் திட்டுறேன்" என்றார்.

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்கக்கா" என்றேன். என்னால் முடிந்த மன்னிப்பு அதுதான். அவருக்கும் புரிந்தது.

ஆறு மணிக்குப் பெண்ணின் அப்பா பட்டு வேட்டியில் வந்தார். சுவரோரம் நேர்கோடாக ஓடுகிற வெள்ளை வயர்களைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"நான் என்ன சொன்னேன், நீ என்ன செஞ்சு வச்சிருக்கே?"

அக்கா வாயைத் திறக்கப் போனார். நான் முன்னால் போய் நின்றேன். "நான்தாண்ணே போடச் சொன்னேன். மூடிப் போட்டுப் பார்த்தேன், அரை மணியில கொதிச்சிடுச்சு. உங்க பொண்ணு நடக்குற வழியில நான் நெருப்பை மூடி வைக்க மாட்டேன். ஊரு பூரா சொல்லுங்க, பரவால்ல." லாரி போச்சு, தொழில் போச்சு என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. பழுப்பான பிளக்கை அவர் கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். கோபமா, என்ன என்று தெரியவில்லை.

ஏழரைக்கு மண்டபம் நிறைந்தது. மேளம் முழங்க, பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நின்றார்கள். பெண் முதல் அடி எடுத்து வைத்தாள். பட்டென்று இடப்பக்கம் இரண்டு விளக்கு அணைந்தது.

ஐநூறு தலை திரும்பியது. எனக்கு உயிரே போய்விட்டது. மற்ற ஆறு விளக்கும் எரிந்துகொண்டிருந்ததால் பெண் நிற்கவில்லை, தொடர்ந்து நடந்தாள். நான் சொன்னபடி எல்லாம் ஒரே வயரில் இருந்திருந்தால் அந்த நிமிஷம் மண்டபமே இருட்டு.

அக்கா ஓடவில்லை. அணைந்த விளக்கிலிருந்து வயரின் மேல் கண்ணை வைத்தபடி சுவரோரம் நடந்தார். பத்து அடி, இருபது அடி. சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் போய் நின்றார். அங்கே சமையல்காரர் டேப்பைப் பிய்த்துவிட்டு, தேத்தண்ணீர் கொதிக்கிற பெரிய பாத்திரத்தை எங்கள் உருளையில் செருகியிருந்தார். பாரம் தாங்காமல் உருளையின் சிவப்புப் பொத்தான் துள்ளி வெளியே வந்து, கரண்டை நிறுத்தியிருந்தது.

"சும்மா தண்ணிதானேக்கா" என்றார் சமையல்காரர்.

"இதுல விளக்கு எல்லாம் குடிக்கிறதைவிட உங்க தண்ணி ஜாஸ்தி குடிக்கும் அண்ணே. அடுப்புல வைங்க" என்று சொல்லி, பிளக்கின் தலையைப் பிடித்து உருவினார். சூடான உருளையைச் சுவரிலிருந்து கழற்றி ஒதுக்கிவிட்டு, தயாராக வைத்திருந்த ஐந்தாவதை அதே இடத்தில் செருகி விளக்குகளை மாற்றினார். பெண் நடைபாதையின் பாதிக்கு வந்திருந்தாள். இடப்பக்கம் பளீரென்று எரிந்தது. கூட்டம், இதுவும் அலங்காரத்தில் ஒரு வித்தை என்று நினைத்து 'ஓ'வென்று ஆர்ப்பரித்தது. பெண் சிரித்தாள். பட்டுச் சேலை முழுக்கத் தங்கமாகத் தெரிந்தது. அதைப் போல ஒரு மணப்பெண் வரவை இத்தனை வருஷத்தில் நான் செய்ததில்லை.

எல்லாவற்றையும் பெண்ணின் அப்பா வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

நன்றியுரை நேரம் வந்தது. எங்கள் ஊரில் அது ஒரு பெரிய சடங்கு. பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக மேடையேறுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், படம் எடுப்பார்கள். அலங்காரம் செய்தவர்களை யாரும் கூப்பிட்டதில்லை. நாங்கள் பின்கட்டில் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பெண்ணின் அப்பா மைக்கில் சொன்னார்: "இன்னும் ஒரு ஆளு இருக்காங்க. என் மகளை வெளிச்சத்துலயும் கொண்டுவந்து, பத்திரமாவும் கொண்டுவந்தவங்க. அந்த வயரு அக்கா, மேல வாங்க."

நான்தான் பிடித்துத் தள்ளினேன். கையில் டேப்பை வளையல் போல மாட்டியபடி, முன்கை முழுக்கக் கண்மை எண்களோடு, அக்கா மேடை ஏறினார். பெண்ணின் அப்பா சரிகைப் பொன்னாடையை விரித்துப் போர்த்தினார். பெண் குனிந்து காலைத் தொட்டாள். மண்டபம் எழுந்து கைதட்டியது. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. என் அக்கா, என் அக்கா என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா" என்று அவர் மைக்கை நீட்டினார்.

அக்கா மைக்கை வாங்கினார். கூட்டத்தைப் பார்க்கவில்லை. காலுக்குக் கீழே பார்த்தார். தாமதமாக வந்த பாட்டுக் குழுக்காரர்கள் தங்கள் பெட்டிகளை மேடையில் வைத்துவிட்டு என்ன செய்தார்கள் என்பதை அதுவரை நான்கூடக் கவனிக்கவில்லை. அக்காவின் குரல் மண்டபம் முழுக்கக் கணீரென்று கேட்டது.

"ஸ்பீக்கருக்குப் போற எக்ஸ்டென்ஷனை யாரு கார்ப்பெட்டுக்கு அடியில விட்டது?"

மண்டபமே வெடித்துச் சிரித்தது. பாட்டுக் குழுக்காரர் எழுந்து வருவதற்குள், அந்தக் கார் வியாபாரி, ஒரு வயர் கண்ணில் பட்டால் ஊர் பூராவும் சொல்வேன் என்ற மனிதர், ஐநூறு பேர் முன்னால் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். தன் கையாலேயே மேடைக் கார்ப்பெட்டைத் தூக்கி, அந்த வயரை வெளியே எடுத்தார்.

"எங்க போடட்டும்க்கா?" என்று கேட்டார்.

அக்கா மைக்கை இறக்கவே இல்லை.

"ஓரமா போடுங்கண்ணே. எல்லார் கண்ணுலயும் படட்டும்."